இருங்காட்டுக்கோட்டைக்குக் கிளம்பும் முன் உங்கள் காரில் கழற்ற வேண்டியவை

வேலூர் சத்துவாச்சாரியில் கார் பட்டறை வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை மாலையானால் இளைஞர்கள் வந்து நிற்பார்கள். "அண்ணா, நாளைக்கு ரேஸ் டிராக் போகிறோம், இந்த சைலன்சரை மட்டும் மாட்டிக் கொடுங்கள்" என்பார்கள். மாட்டித் தரமாட்டேன். கழற்றித் தரச் சொன்னால் ராத்திரி எத்தனை மணியானாலும் செய்வேன்.

இருங்காட்டுக்கோட்டைத் தடம் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புடையது, 1990-இல் திறந்தது. ஒரு சுற்று சுமார் 3.7 கிலோமீட்டர். அதற்கு முன்பு சோழவரம் விமான ஓடுதளத்தில்தான் பந்தயம் நடக்கும். தடத்துக்குள்ளே கொடி காட்ட ஆள் உண்டு, ஆம்புலன்ஸ் உண்டு, எதிரே வண்டி வராது. வாசலைத் தாண்டினால் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை. ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளின் லாரியும் ஷிப்ட் பஸ்ஸும் போகிற சாலை. மாற்றங்கள் செய்த கார்கள் மொத்தமாக ஒரே வாசல் வழியே வெளிவரும்போது, போலீஸ் தேடி அலைய வேண்டியதே இல்லை. ஓரமாக நின்றால் போதும்.

முதலில் ஆர்.சி.யை, அதாவது வண்டியின் பதிவுச் சான்றிதழை, கையில் எடுத்து வண்டியைச் சுற்றி வாருங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு கேட்பது எளிய கேள்வி: தொழிற்சாலை கொடுத்த விவரமும் வண்டியும் ஒத்துப்போகின்றனவா? 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதையே சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, விதியை மீறிச் செய்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். 'ஒவ்வொரு' என்பதைக் கவனியுங்கள். நிறத்தை மாற்றியிருந்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யிலும் மாற்றிக்கொள்ளுங்கள். கண்ணாடியில் கருப்புப் படலம் ஒட்டியிருந்தால் உரித்துவிடுங்கள். முன், பின் கண்ணாடிகள் 70 சதவீத வெளிச்சமும் பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதமும் விட வேண்டும். முன்னால் மாட்டிய இரும்புத் தடுப்பு, பல ராக ஹாரன், அலங்கார எழுத்து நம்பர் பிளேட், இவற்றைப் பற்றி விவாதமே வேண்டாம், கழற்றிவிடுங்கள்.

ரேஸுக்கென்று வாங்கி மாட்டுகிற சைலன்சருக்கு வருவோம். விற்பவர் பெட்டியிலோ பில்லிலோ 'சாலைப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று அச்சடித்துத் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறார். அதைப் பூட்டிச் சாலையில் ஓட்டுகிற உங்களைக் காப்பாற்ற ஒரு வரிகூட அதில் இல்லை. சத்தம், புகை விதிகளை மீறினால் முதல்முறையே 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. மூன்று மாதம் லைசென்ஸும் போகும். புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை எடுத்துவிட்டு வெறும் குழாய் வைத்திருப்பவர்களுக்கு மூக்கைப் பிடிக்கும் அந்த நெடியே சாட்சி.

கம்பெனி கொடுத்த பழைய சைலன்சரைத் திரும்ப மாட்டும்போது பழைய கேஸ்கெட்டையே (இணைப்பில் கசிவைத் தடுக்கும் வளையம்) வைக்காதீர்கள். துருப்பிடித்த நட்டுகளுக்கு முந்தின ராத்திரியே எண்ணெய் விட்டு ஊற வையுங்கள். மாட்டி முடித்ததும், குழாய் சூடேறும் முன் இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ஈரத் துணியை மடித்து வால் குழாயை ஓரிரு நொடி அடையுங்கள். இணைப்பு சரியாக இருந்தால் இன்ஜின் திணறும். கசிந்தால் அந்த இடத்தில் 'புஸ்' என்று கேட்கும், உள்ளங்கையை அருகே கொண்டுபோனால் காற்று படும். இந்தச் சின்னக் கசிவே நல்ல சைலன்சரையும் பட்டாசுபோல் சத்தம் போட வைக்கும். சாலையில் நிறுத்தப்பட்ட பிறகு 'இது கம்பெனி சைலன்சர்தான் சார்' என்று சொல்லிப் பயனில்லை.

போகும்போது யாரும் வேகம் காட்டுவதில்லை. வாலாஜா சுங்கச்சாவடி தாண்டியதும் சாலை அகலப்படுத்தும் வேலை, மாற்றுப்பாதை, தூசி என்று அதுவே அடக்கிவிடும். திரும்புகிற மாலைதான் ஆபத்து. நாள் முழுக்கத் தடத்தில் பறந்த கண்ணுக்கு நூறு கிலோமீட்டர் வேகம் நடைவேகமாகத் தெரியும். பக்கத்தில் நண்பனின் கார் வந்து ஆக்சிலரேட்டரை உறுமவிட்டால் கால் தானாக அழுத்தும். பொதுச் சாலையில் இப்படி இருவர் வேகம் பார்த்தால் அது 189-ஆவது பிரிவு. அபாயகரமாக ஓட்டினால் 184. இரண்டிலும் சிறைக்கும் இடமுண்டு. ஆகவே தடத்தில் ஓட்டாத ஒருவரைக் கூட்டிப்போய், திரும்பும்போது சாவியை அவரிடம் கொடுங்கள். பிரேக் முழுதாக ஆறியபின் டயர் காற்றைச் சரிபார்த்துக் கிளம்புங்கள்.

போலீஸ் நிறுத்தினால் இன்ஜினை அணைத்து, உள்விளக்கைப் போட்டு, அரசின் டிஜிலாக்கர் செயலியில் ஆவணங்களைக் காட்டுங்கள். செல்லானில் (அபராதச் சீட்டில்) எந்தப் பிரிவு எழுதப்பட்டிருக்கிறது என்று மரியாதையாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஒப்புக்கொள்ள முடியாவிட்டால் நீதிமன்றம் இருக்கிறது. எந்த அதிகாரியின் பெயரைச் சொன்னாலும் வேலைக்காகாது. கைப்பேசியைத் தூக்கி வீடியோ எடுத்தபடி பேசுகிறவர்களை எனக்கும் பிடிக்காது.

இன்னொன்றைப் பலர் படிப்பதே இல்லை: காப்பீட்டுப் பத்திரத்தில் பந்தயமும் வேகச் சோதனையும் விலக்கப்பட்டிருக்கும். முறையாகப் பணம் கட்டித் தடத்துக்குள் ஓட்டி இடித்தாலும் செலவு உங்களுடையதே. சொல்லாமல் செய்த மாற்றத்தை, சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் பார்த்துவிட்டால் சாலை விபத்துக்கும் இழப்பீடு கேட்பது சிக்கலாகும்.

இருக்கைகளைக் கழற்றி உள்ளே இரும்புக் கூண்டு பூட்டிய கார் என்றால் அதைச் சாலையில் ஓட்டவே கூடாது. ஹெல்மெட் இல்லாத தலை அந்தக் கம்பியில் மோதினால் சின்ன விபத்தே போதும். தட்டையான டோ வண்டியில் ஏற்றிப் போங்கள். காரைத் தாழ்த்தியிருந்தால் டோ வண்டிக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி நீளமான சாய்பலகை கொண்டுவரச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஏற்றும்போதே முன் பம்பர் உடையும்.