எஸ்இஎல்4 மைக்ரோகெர்னலில் த்ரெட் ஃபால்ட்டுகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

லினக்ஸில் ஒரு நிரல் தனக்கு உரிமையில்லாத நினைவக முகவரியைத் தொட்டால், கெர்னலே சிக்னல் அனுப்பிப் பெரும்பாலும் அந்த நிரலை முடித்துவிடும். அந்தப் பழக்கத்தோடு எஸ்இஎல்4-க்கு (மிக அடிப்படையான பணிகளை மட்டும் செய்யும் சிறு கெர்னல்) வருபவர்கள், ஃபால்ட் ஆன, அதாவது இப்படித் தவறிழைத்துத் தடைபட்ட, த்ரெட் (நிரலின் ஒரு இயக்க ஓட்டம்) இறந்துவிட்டதாகவே எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் கெர்னல் அதை நிறுத்திவைத்து, அதன் சார்பில் ஒரு செய்தியை எண்ட்பாயிண்ட் (செய்திகள் கைமாறும் இடம்) வழியாக ஹேண்ட்லருக்கு (ஃபால்ட்டைக் கவனிக்கும் வேறொரு த்ரெட்) அனுப்புகிறது. த்ரெட் பதிலுக்காகக் காத்திருக்கிறது.

அந்தப் பதிலை அவசரப்பட்டு அனுப்பிவிடக் கூடாது. ஒரு த்ரெட் தன் ஸ்டாக்கின் (தற்காலிகத் தரவுக்கான நினைவகப் பகுதி) எல்லையைத் தாண்டி எழுத முயன்றதாக வைத்துக்கொள்வோம். எந்தக் கட்டளை, எந்த முகவரி என்ற விவரங்கள் செய்தியிலேயே வந்துவிடும். அந்த முகவரிக்கு 4096 பைட் பேஜ் (நினைவகத் துண்டு) ஒன்றை மேப் செய்யாமல், அதாவது இணைக்காமல், பதிலை மட்டும் அனுப்பினால், த்ரெட் அதே கட்டளையை மறுபடி இயக்கி, அதே இடத்தில் மறுபடி ஃபால்ட் ஆகி, முடிவில்லாமல் சுழன்றுகொண்டிருக்கும். 64-பிட் ஆர்மில், செல்லாத கட்டளையைத் தாண்டிச் செல்ல விரும்புபவர் பதிலில் கட்டளை முகவரியை 4 பைட் நகர்த்த மறந்தாலும் இதே கதிதான்.

கண்டுபிடிக்க மிகவும் கடினமானது, பதில் சொல்லும் உரிமையைத் தொலைப்பது என்பேன். எம்சிஎஸ் (த்ரெட்டுகளின் இயக்க நேரத்தையும் உரிமைகளால் கட்டுப்படுத்தும் எஸ்இஎல்4 வடிவம்) அல்லாத கெர்னலில் அந்த உரிமைக்கு ஹேண்ட்லரிடம் ஒரே ஓர் இடம்தான் உண்டு. வட்டிலிருந்து பேஜ் வந்து சேரும்வரை சும்மா இருப்பானேன் என்று ஹேண்ட்லர் அடுத்த செய்தியைப் பெறப் போனால், முந்தைய உரிமை அழிந்துவிடும். முதல் த்ரெட்டுக்குப் பதில் சொல்ல வழியிருக்காது. பெறுவதற்கு முன்பே அதை வேறொரு ஸ்லாட்டில் (உரிமை ஒன்றை வைக்கும் இடம்) சேமித்துவிட வேண்டும். எம்சிஎஸ் கெர்னலில் இதற்கெனத் தனி ரிப்ளை ஆப்ஜெக்ட் இருக்கிறது.

எம்சிஎஸ் அல்லாத அதே கெர்னலில், ஹேண்ட்லர் எண்ட்பாயிண்ட்டின் ஸ்லாட் எண் ஃபால்ட் ஆகும் த்ரெட்டின் சிஸ்பேஸிலேயே (அந்த த்ரெட்டின் உரிமைகள் இருக்கும் ஸ்லாட்டுகளின் தொகுப்பு) தேடப்படும். உருவாக்கியவரின் சிஸ்பேஸில் உள்ள எண்ணைக் கொடுத்துவிட்டால், செய்தி யாரையும் சேராமல் த்ரெட் அப்படியே நின்றுவிடும். பல த்ரெட்டுகள் ஒரே எண்ட்பாயிண்ட்டைப் பகிரும்போது ஒவ்வொன்றுக்கும் தனி பேட்ஜ் (செய்தி யாருடையது என்று காட்டும் அடையாள எண்) தேவை.

ஹேண்ட்லரின் ஃபால்ட்டுகளையும் அது கேட்டுக்கொண்டிருக்கும் எண்ட்பாயிண்ட்டுக்கே அனுப்பும் அமைப்பு ஆபத்தானது: ஹேண்ட்லர் ஃபால்ட் ஆகும் கணத்தில், அந்தச் செய்தியைப் பெற வேண்டியவரே நின்றுபோயிருப்பார். ஹேண்ட்லரின் நிரல்குறியீடும் ஸ்டாக்கும் முன்கூட்டியே முழுமையாக மேப் செய்யப்பட்டிருக்க வேண்டும்; அதன் ஃபால்ட்டுகள் வேறொரு த்ரெட்டுக்குச் செல்ல வேண்டும்.