எலக்ட்ரானிக் துப்பறியும் ஆட்டத்தில் பொய்யை முதலில் தேடுங்கள்

1979-ல் ஐடியல் நிறுவனம் வெளியிட்ட ‘எலக்ட்ரானிக் டிடெக்டிவ்’ போன்ற கொலைத் துப்பறியும் ஆட்டங்களில், சந்தேக நபர்கள் எல்லோரிடமும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தால் உங்கள் முறைதான் வீணாகும். கொலையாளி மட்டுமே பொய் சொல்வார் என்று விதி இருந்தால், ஒரே விஷயத்தை இரண்டு பேரிடம் கேளுங்கள். பதில்கள் முரண்பட்டால் அந்த இருவரில் ஒருவர்தான் ஆள். மற்ற எல்லோரையும் பட்டியலிலிருந்து தாராளமாக அடித்துவிடலாம். அப்புறம் விஷயம் தெரிந்த மூன்றாமவரிடம் அதே கேள்வி. சரி, பிடிபட்டாயிற்று!

பதிலோடு அதைச் சொன்னவர் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள், பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். எதிராளி எதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார் என்பதும் இலவசத் துப்புதான்.

பெட்டியில் எடுத்து வைக்கும்போது பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். கசிந்தால் உள்ளிருக்கும் தகடுகள் அரித்துப்போகும்.