பிரீஎக்ளாம்ப்சியா: ரத்தப் பரிசோதனை முடிவை வாரம் பார்த்துப் படிப்பது எப்படி?

கர்ப்பத்தின் 20ஆவது வாரத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் 140/90-க்கு ஏறி, சிறுநீரில் புரதம் போவது, கல்லீரலோ சிறுநீரகமோ பாதிக்கப்படுவது போன்றவற்றில் ஏதேனும் ஒன்றும் சேர்ந்தால் அது பிரீஎக்ளாம்ப்சியா. பலருக்கு நஞ்சுக்கொடியில் கோளாறு அதற்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது. அதன் தடயத்தை ரத்தத்தில் தேடுவதுதான் இந்தப் பரிசோதனை.

படி 1: இரண்டு புரதங்கள்

பி.எல்.ஜி.எஃப். என்பது நஞ்சுக்கொடி சுரக்கும் புரதம். ரத்தக் குழாய்கள் வளர உதவுகிறது. எஸ்.எஃப்.எல்.டி-1 அதைப் பிடித்து வேலை செய்யவிடாமல் முடக்குகிறது. பிரீஎக்ளாம்ப்சியாவில் முதலாவது குறையும், இரண்டாவது கூடும்.

படி 2: முதல் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்

11ஆவது வாரம் முதல் 13 வாரம் 6 நாள் வரை இதற்கான காலம். ரத்தத்தில் பி.எல்.ஜி.எஃப்., இரு கைகளிலும் ரத்த அழுத்தம், ஸ்கேனில் கருப்பைத் தமனியின் ரத்த ஓட்டம், உங்கள் உடல்நல விவரங்கள் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் உங்களுக்கு இந்த நோய் வரும் ஆபத்தைக் கணக்கிடுவார்கள். ரத்தத்தை மட்டும் வைத்துச் சொல்லும் கணிப்பை நான் பெரிதாக நம்பமாட்டேன்.

படிவத்தில் எடை, புகைப்பழக்கம், செயற்கைக் கருத்தரிப்பா என்றெல்லாம் கேட்பார்கள். சரியாக எழுதுங்கள். இவை ஒவ்வொன்றும் புரதத்தின் அளவை மாற்றக்கூடியவை. வாரக் கணக்கும் ஸ்கேனில் உறுதி செய்ததாக இருக்கட்டும்.

படி 3: எண்ணைப் படிப்பது

அறிக்கையில் 'எம்.ஓ.எம்.' என்று ஓர் எண் இருக்கும். அதே வாரத்தில் இருக்கும் கர்ப்பிணிகளின் நடு அளவை 1 என்று வைத்துக்கொண்டு ஒப்பிடுவது அது. 0.5 என்றால் அதில் பாதி. வாரக் கணக்கு பிசகினால் இந்த எண்ணும் பிசகிவிடும்.

அப்புறம், '70இல் 1' என்பது போல ஆபத்து அளவு வரும். உங்களைப் போன்ற 70 பேரில் ஒருவருக்கு 37 வாரத்துக்கு முன்பே பிரசவம் பார்க்க வேண்டிய அளவுக்கு இந்த நோய் வரலாம். மற்ற 69 பேருக்கு அப்படி நேராது. இந்த எண்ணைப் பார்த்ததுமே கலங்கிப்போகிறவர்கள் அதிகம். தயவுசெய்து அப்படிக் கலங்காதீர்கள், ஏனென்றால் இந்தக் கட்டத்தில் செய்வதற்கு ஒன்று இருக்கிறது.

படி 4: 16 வாரத்துக்குள் மருத்துவரிடம் பேசுங்கள்

2017இல் வெளியான ஆஸ்ப்ரே ஆய்வில், ஆபத்து 100இல் 1-க்கு மேல் இருந்த பெண்களுக்கு 11 முதல் 14 வாரத்துக்குள் தொடங்கி 36ஆவது வாரம் வரை தினமும் இரவில் 150 மி.கி. ஆஸ்பிரின் கொடுத்தார்கள். 37 வாரத்துக்கு முன் வரும் பிரீஎக்ளாம்ப்சியா 62 சதவீதம் குறைந்தது. 16 வாரம் தாண்டித் தொடங்கினால் பலன் மிகவும் குறைந்துபோகிறது. மாத்திரை வேண்டுமா, எவ்வளவு என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள்.

படி 5: பிற்பாதியில் கேள்வி வேறு

20 வாரத்துக்குப் பிறகு சந்தேகம் வந்தால், எஸ்.எஃப்.எல்.டி-1ஐ பி.எல்.ஜி.எஃப்.-ஆல் வகுத்து விகிதம் பார்ப்பார்கள். 38 அல்லது அதற்குக் கீழே என்றால் அடுத்த ஒரு வாரத்துக்குப் பெரும்பாலும் கவலை இல்லை. 38-ஐத் தாண்டினால் நோய் உறுதி என்று பொருளல்ல. கண்காணிப்பு நெருக்கமாக வேண்டும், அவ்வளவுதான்.

எண் எதுவாக இருந்தாலும் விடாத தலைவலி, பார்வை மங்கல், மேல்வயிற்று வலி, முகத்தில் திடீர் வீக்கம் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். குழந்தை பிறந்து 6 வாரம் வரையிலும் இது பொருந்தும்.