செயின்சா வாங்கப் போகிறீர்களா? 22 இஞ்சில் ஆரம்பிக்காதீர்கள்

"அண்ணாச்சி, 22 இஞ்சு எடுத்துக்கிடுங்க, எல்லாத்துக்கும் ஆவும்" என்றார் கடைக்காரர். விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை, வாங்கிவிட்டேன். நான் வெட்ட வேண்டியிருந்ததோ வரப்போரத்து உடைமரம். தடித்த தூரே எட்டு இஞ்சு தாண்டாது. பெட்ரோல், ஆயில் எல்லாம் சேர்த்து ஏழு கிலோ பக்கம் வரும் மெஷினோடு முள்ளுக்குள் குனிந்து நின்றதில் அரை மணி நேரத்தில் இடுப்பு விட்டுப்போனது. பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு, 22 இஞ்சு என்பது இதன் நீளம்தான்) நுனி வேறு, கண்ணில் படாத கொப்புகளில் போய் முட்டிக்கொண்டே இருந்தது.

அந்த முட்டல்தான் ஆபத்து. செயின் ஓடும்போது பார் நுனியின் மேல்பாதி எதிலாவது பட்டால் மெஷின் நம் முகத்தை நோக்கி எகிறும். கையை இழுக்க நேரமே இருக்காது. உடைமரம் (சீமைக்கருவேலம்தான்) ஒரே தூரில் நாலைந்து தண்டாகப் பிரிந்து பின்னிக் கிடக்கும். நீளமான பாரின் நுனி அதற்குள் எங்கே நிற்கிறது என்று எப்படித் தெரியும்? 12 முதல் 16 இஞ்சு பாரும் 35, 40 சிசி எஞ்சினும் அந்த வேலைக்குத் தாராளம்.

இன்னொரு குழப்பம் அளவெடுப்பதில் வருகிறது. வேப்பமரத்தைக் கயிறு போட்டு அளந்துவிட்டு, "36 இஞ்சு இருக்கே" என்று மலைத்துப்போகிறவர்கள் உண்டு. அது சுற்றளவு. மூன்றால் வகுத்தால் குறுக்களவு 12 இஞ்சுதான். பார் அதைவிட இரண்டு இஞ்சு கூடுதலாக இருந்தால் போதும். சின்ன எஞ்சினில் நீளமான பாரை மாட்டி ஒப்பேற்றவும் கூடாது. செயின் திணறும், எஞ்சின் சூடேறும்.

என்றைக்கோ ஒரு புளியமரம் சாயுமே என்று பெரிய மெஷின் வாங்குவது வீண். அதற்கு மரம் வெட்டுகிறவரைக் கூலிக்குக் கூப்பிடலாம். பனை என்றால் கதையே வேறு: வெளிப்பக்க வைரம் செயினை மழுக்கிவிடும், அதற்கு முன்னால் வெட்டக் கலெக்டர் அனுமதியும் வேண்டும்.

சரி, புது ஆள் என்றால் இருப்பதிலேயே சின்னதை வாங்கலாமா? இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கைப்பிடி மேலேயே இருக்கும் குட்டி மெஷின் விளையாட்டுச் சாமான் மாதிரித் தெரியும். ஆனால் அது கயிறு கட்டி மரமேறிப் பழகியவர்களுக்காகச் செய்தது. ஒரு கையில் பிடிக்கத் தோன்றும், எகிறினால் அடக்க முடியாது. ஆடிக் காற்றில் முறிந்து தொங்கும் முருங்கைக் கொப்பை ஏணியில் நின்று அதை வைத்து வெட்டுவதைவிட, தரையில் நின்று தொரட்டியால் இழுத்துப் போடுவது மேல். பின்பக்கம் கைப்பிடி உள்ள 14 இஞ்சுதான் புது ஆளுக்கு நல்லது. தோளுக்கு மேலே தூக்க வேண்டாம். செயின் பிரேக் பிடிக்கிறதா என்று தினமும் பாருங்கள். சாரத்தை (லுங்கி) உடுத்திக்கொண்டு இந்த வேலைக்கு இறங்கவே கூடாது.

அப்புறம் எடை. அட்டையில் போட்டிருப்பது பெரும்பாலும் பாரும் செயினும் மாட்டாத, டேங்க் காலியான எடை. கடையில் எல்லாவற்றையும் மாட்டித் தரச் சொல்லி, இடுப்பளவு உயரத்தில் இரண்டு நிமிடம் பிடித்துப் பாருங்கள். கை நடுங்கினால் அடுத்த சின்ன அளவைக் காட்டச் சொல்லுங்கள்.