கில்மார்ட்டினை நடந்தே பார்ப்பது எப்படி: முதல்முறை போகிறவர்களுக்கு

ஸ்காட்லாந்து என்றதும் எடின்பரோ கோட்டை, ஸ்கை தீவு, நெஸ் ஏரி என்றுதான் பெரும்பாலும் பட்டியல் போடுகிறோம். மேற்குக் கரையில் ஆர்கைல் பகுதியில் கில்மார்ட்டின் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. ஒரு தேவாலயம், ஒரு மியூசியம், சாலையோரம் கொஞ்சம் வீடுகள், அவ்வளவுதான் ஊர். ஆனால் அதைச் சுற்றி ஆறு மைலுக்குள் 800-க்கும் மேற்பட்ட பழஞ்சின்னங்கள் கிடக்கின்றன, அவற்றில் 150 போல வரலாற்றுக்கு முந்தைய காலத்தவை. பெரும்பாலானவற்றுக்கு டிக்கெட்டும் கிடையாது, காவலாளியும் கிடையாது. அதனாலேயே பலர் காரை நிறுத்தி, இரண்டு கல்லைப் படம் எடுத்து, இவ்வளவுதானா என்று கிளம்பிவிடுகிறார்கள். இங்கே இறந்தவர்களைப் புதைத்து மேலே கல்லைக் குவித்த கற்குவியல்கள் பள்ளத்தாக்கில் ஒரே வரிசையில் அமைந்தவை, ஒன்றிலிருந்து அடுத்ததற்கு நடந்து போனால்தான் அந்த வரிசையே கண்ணில் படும். ஆகவே நடக்கிற மாதிரியே திட்டம் போடுங்கள்.

படி 1: எப்போது, எப்படிப் போவது

கிளாஸ்கோவிலிருந்து லாக்கில்ப்ஹெட் ஊருக்கு பஸ் உண்டு. லோமண்ட் ஏரிக்கரை, இன்வெரேரி வழியாக இரண்டரை மணி நேரம் போல ஆகும். அங்கிருந்து ஓபன் என்ற ஊருக்குப் போகும் ஏ816 சாலையில் வடக்கே எட்டு மைல் வந்தால் கில்மார்ட்டின். உள்ளூர் பஸ்கள் குறைவு, ஞாயிற்றுக்கிழமையை நம்பாதீர்கள், திரும்பும் பஸ்ஸின் நேரத்தை முதலில் பார்த்துவிட்டு அப்புறம் போகும் பஸ்ஸைப் பாருங்கள்.

மாதம் என்று கேட்டால் என் ஓட்டு ஏப்ரல் கடைசி, மே முதல் பாதி. ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும் என்பது உண்மைதான், ஆனால் அதற்குள் மிட்ஜ் என்ற பொடிக்கொசு கிளம்பிவிடும். காற்றில்லாத ஈர மாலையில் கூட்டம் கூட்டமாக முகத்தில் மொய்க்கும், தலைக்கு வலை போட்டுக்கொண்டால்தான் நிற்க முடியும். டிசம்பரில் கொசு இல்லை, ஆனால் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும்.

படி 2: பைக்குள் என்ன, கையில் என்ன

மழைக்கோட்டு கட்டாயம். குடை வேண்டாம், மேற்குக் கரைக் காற்றில் அது பத்து நிமிடம் தாங்காது. கணுக்காலை மூடும் நீர்புகாத ஷூ, உலர்ந்த ஒரு ஜோடி சாக்ஸ், சாப்பிட ஏதாவது, ஒரு டார்ச் (எதற்கென்று பிறகு சொல்கிறேன்). ஜீன்ஸ் போடாதீர்கள், நனைந்தால் அன்றைக்கு முழுக்கக் காயாது. போன் சிக்னல் பல இடங்களில் விட்டுப்போகும், அதனால் பிரிட்டனின் வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் லேண்ட்ரேஞ்சர் 55 என்ற காகித வரைபடத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், இந்தப் பகுதி முழுவதும் அதில் வந்துவிடும்.

உண்ணி விஷயத்தில் அசட்டையாக இருக்க வேண்டாம். புல்லிலும் பெரணியிலும் இருக்கும், கடித்தால் லைம் நோய் வர வாய்ப்புண்டு. பேன்ட்டை சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள், பார்க்கச் சிரிப்பாகத்தான் இருக்கும், பரவாயில்லை. இரவு அறைக்குப் போனதும் முழங்கால் மடிப்பு, இடுப்பு எல்லாம் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

படி 3: எங்கே நடக்கலாம், எங்கே கூடாது

2003-இல் வந்த நிலச் சீர்திருத்தச் சட்டப்படி ஸ்காட்லாந்தில் தனியார் நிலத்தின் பெரும்பகுதியிலும் யார் வேண்டுமானாலும் நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம், சின்னக் கூடாரம் போட்டு ஓரிரு இரவு தங்கலாம். வேலியைப் பார்த்ததும் திரும்பிவிட வேண்டியதில்லை. ஆனால் இந்த உரிமை பொறுப்பாக நடந்துகொள்கிறவர்களுக்குத்தான், மோட்டார் வண்டிகளுக்கு இது பொருந்தாது. வீட்டுத் தோட்டத்துக்குள்ளும் பயிருக்குள்ளும் போகக் கூடாது. மூடியிருந்த கேட்டை மூடிவிட்டுப் போங்கள், திறந்திருந்ததைத் திறந்தே விடுங்கள். வசந்த காலத்தில் ஆடுகள் குட்டி போட்டிருக்கும், நாய் கூட வந்தால் கயிற்றை விடாதீர்கள். பழஞ்சின்னங்களின் மேல் கூடாரம் அடிப்பது, கல்லைப் பெயர்ப்பது, தோண்டுவது எதுவும் கூடாது.

படி 4: கற்குவியல் நடை

இதுதான் முக்கியமான பகுதி, போக வர ஐந்து கிலோமீட்டர் போல, முழுக்கச் சமதரை. தேவாலய முற்றத்தில் தொடங்குங்கள். அங்கே வாளும் போர்வீரர்களும் செதுக்கிய இடைக்காலக் கல்லறைப் பலகைகள் இருக்கின்றன. முற்றத்து விளிம்பில் நின்று கீழே பார்த்தால் முதல் கற்குவியல் தெரியும், அது கிளீப் கெய்ர்ன். அங்கிருந்து தெற்கே வரிசையாக நெதர் லார்கி வடக்கு, நடு, தெற்கு, கடைசியில் ரீ க்ருயின்.

நெதர் லார்கி வடக்குக் குவியலின் உச்சியில் ஒரு மூடி இருக்கும். அதைத் திறந்தால் படி இறங்குகிறது, உள்ளே கற்பதுக்கை, அதாவது கற்பலகைகளால் கட்டிய புதைகுழி. அதன் பலகைக்கல்லில் வெண்கலக் கோடரிகளின் உருவங்களையும் சிறுசிறு குழிகளையும் செதுக்கியிருக்கிறார்கள். டார்ச் எடுக்கச் சொன்னது இதற்குத்தான். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது, கல்லை ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள், நிழல் விழுந்ததும் கோடரி வடிவங்கள் ஒவ்வொன்றாக எழும்பி வரும்.

நடுக் குவியலைச் சீக்கிரம் கடந்துவிடலாம். தெற்குக் குவியலில் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், வரிசையிலேயே மூத்தது அதுதான், வயது ஐயாயிரம் ஆண்டுக்கும் மேல். மற்றவை தனியாள் புதைகுழிகளை மூடிய குவியல்கள், இதுவோ பலரை வைக்கக் கட்டிய அறை. குனிந்து உள்ளே போனால் இரண்டு பக்கமும் அடுக்குக்கல் சுவர், தலைக்கு மேலே பெரிய மூடுகற்கள், தரையில் குறுக்கே நட்ட பலகைகள் அறையை நான்காகப் பிரிக்கும். ஒவ்வொரு பலகையையும் தாண்டித் தாண்டித்தான் கடைசிவரை போக வேண்டும்.

அங்கிருந்து மேற்கே சில நிமிடத்தில் டெம்பிள் வுட் கல்வட்டம். மரங்களும் சரி, அந்தப் பெயரும் சரி, பிற்காலத்தில் வந்தவை. வட்டத்தின் வடக்குப் பக்கக் கல் ஒன்றில், கீழே தரையை ஒட்டி, ஒரு சுருள் செதுக்கல் கல்லின் இரண்டு முகத்திலும் வளைந்து போகிறது. நின்றபடி பார்க்கிறவர்கள் அதைத் தவறவிடுவார்கள், மண்டியிட்டுத் தேடுங்கள். பக்கத்து வயலில் ஆளைவிட உயரமான நெதர் லார்கி நெடுகற்கள் நிற்கின்றன. நிலவின் உதய அஸ்தமனத்தைக் கணிக்கத்தான் இவற்றை நட்டார்கள் என்று வாதாடியவர் அலெக்சாண்டர் தாம் என்ற பொறியாளர். அதை ஏற்பது உங்கள் விருப்பம். நடுவில் நிற்கும் கல்லின் மேல் இருக்கும் குழிகளையாவது பார்த்துவிட்டு வாங்க, பல்லாங்குழிப் பலகையை நிமிர்த்தி வைத்த மாதிரி இருக்கும். இந்தக் குழிகள் பிடித்துப்போனால் லாக்கில்ப்ஹெட் பக்கம் அக்னாபிரெக் பாறைக்கும் போகலாம், அங்கே வட்டத்துக்குள் வட்டமாகப் பாறை முழுக்கச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். காலையோ மாலையோ போங்கள், உச்சி வெயிலில் வெறும் பாறைதான் தெரியும்.

மியூசியத்தை நடைக்கு முன்பே பார்ப்பதா பின்பா என்றால், பின்பு என்பேன். நீங்கள் குனிந்து நுழைந்த குழியில் கிடைத்த பொருள் கண்ணாடிக்குள் இருக்கும்போது அதற்கு வேறு மதிப்பு. 2023-இல் புதுப்பித்துத் திறந்தார்கள், டிக்கெட் உண்டு, திறக்கும் நாட்களைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

படி 5: டுனாட் ஏற்றம்

கில்மார்ட்டினுக்குத் தெற்கே நாலு மைல் தள்ளி, சதுப்பு வெளிக்கு நடுவில் தனியாக எழும்பி நிற்கும் பாறைக்குன்று டுனாட். உயரம் 54 மீட்டர்தான், இருபது நிமிடத்தில் ஏறிவிடலாம், ஆனால் மழையில் பாறை வழுக்கும். பாறைப் பிளவே கோட்டை வாசலாக இருக்கிறது. கில்மார்ட்டின் கற்குவியல்களுக்கு ஆயிரக்கணக்கான ஆண்டு பிந்தைய இடம் இது: அயர்லாந்தோடு ஒட்டி உறவாடிய டால் ரியாட்டா அரசின் முக்கியக் கோட்டை, 736-இல் வடகிழக்கு ஸ்காட்லாந்தை ஆண்ட பிக்ட் இனத்து அரசன் ஒருவன் இதைப் பிடித்ததாக அயர்லாந்து ஆண்டுக்குறிப்புகள் சொல்கின்றன. உச்சிக்குச் சற்றுக் கீழே பாறையில் ஒரு பாதச் சுவடு, பக்கத்தில் கோட்டு வரைவாக ஒரு காட்டுப்பன்றி. அந்தச் சுவட்டில் கால் வைத்துத்தான் அரசர்கள் பதவி ஏற்றார்கள் என்று கருதுகிறார்கள். நீங்களும் தைரியமாகக் கால் வைக்கலாம், இப்போது மேலே தெரிவது நகல், அசல் அதற்கு அடியில் பத்திரமாக இருக்கிறது.

உச்சியிலிருந்து கீழே தெரியும் பழுப்பு வெளிதான் மோய்ன் வோர் சதுப்பு, ஆட் ஆறு அதற்குள் நெளிந்து போகும். சதுப்புக்குள் குறுக்கே நடக்கப் பார்க்காதீர்கள், பாதையிலேயே போங்கள்.

படி 6: கார்னாசரி கோட்டை, நேரம் இருந்தால்

ஊருக்கு வடக்கே இரண்டு கிலோமீட்டர். 1560-களில் ஜான் கார்ஸ்வெல் என்ற மதகுரு கட்டியது. ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் வழங்கிய கேலிக் மொழியில் அச்சான முதல் புத்தகம் 1567-இல் வந்தது, அதை மொழிபெயர்த்தவர் இவர்தான். 1685-இல் அரசனுக்கு எதிராக நடந்த கலகத்தின்போது கோட்டையை வெடி வைத்துத் தகர்த்தார்கள், மிச்சமே இவ்வளவு கம்பீரமாக இருக்கிறது.

படி 7: கால் வலித்தால் கால்வாய்

அடுத்த நாளைக்குச் சைக்கிளை எடுங்கள். 1801-இல் திறந்த கிரினன் கால்வாய் ஆர்ட்ரிஷெய்க்கிலிருந்து கிரினன் வரை ஒன்பது மைல், நடுவில் படகுகளை ஏற்றி இறக்கும் 15 மடைகள். கின்டயர் தீபகற்பத்தின் முனையைச் சுற்றிக்கொண்டு கப்பல்கள் போக வேண்டாம் என்று வெட்டியது. கரைப்பாதை சமமாக இருப்பதால் குழந்தைகளும் ஓட்டலாம். கெய்ர்ன்பானில் தொடங்கி கிரினன் வரை போனால் ஐந்து மைல் போல, வழியில் படகுக்காரர்கள் மடைக்கதவை உடம்பால் முட்டித் தள்ளுவதைப் பார்க்கலாம், அரை மணி நேரம் அங்கேயே போய்விடும்.

கால்வாய்க்குத் தெற்கே நாப்டேல் காடு. பிரிட்டனில் 400 ஆண்டுகளாக இல்லாமல் போயிருந்த பீவர்களை (மரத்தைக் கடித்துச் சாய்க்கும், நீரில் வாழும் கொறிவிலங்கு) 2009-இல் நார்வேயிலிருந்து கொண்டுவந்து இங்கே விட்டார்கள், இப்போது அவை சட்டப் பாதுகாப்புள்ள விலங்குகள். பார்ன்லுவாஸ்கன் தகவல் மையத்தில் தொடங்கி ஏரிக்கரையோடு நடங்கள். பென்சில் சீவியது போலக் கூராகக் கடித்த மரக்கட்டைகள் பகலிலேயே கண்ணில் படும். பீவர் வேண்டுமென்றால் அந்தி சாயும்வரை பேசாமல் உட்கார வேண்டும், அப்போதும் உறுதி கிடையாது, கொசுவலை மட்டும் உறுதியாகத் தேவைப்படும். அந்த நேரத்துக்கு பஸ்ஸை நம்ப முடியாது, அதனால் பீவர் பார்க்கும் மாலைக்கு மட்டுமாவது காருக்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள், இல்லையென்றால் சைக்கிளில் திரும்ப முன்விளக்கும் பின்விளக்கும் இருக்கட்டும்.