சின்ன லாபக் கணக்குக்கு சைபை போதும்

இருக்கும் பொருளுக்குள் அதிக லாபம் தேடுவது போன்ற சிறிய நேரியல் திட்டமிடல் (linear programming) கணக்குக்குப் பெரிய மென்பொருள் வேண்டாம். பைதான் மொழியில் சைபை (SciPy) என்ற கணித நூலகத்தின் லின்ப்ரோக் (linprog) செயற்கூறு போதும்.

ஒரு தச்சுப் பட்டறை. நாற்காலிக்கு 2 பலகை, 3 மணி நேரம், லாபம் 300 ரூபாய். மேசைக்கு 4 பலகை, 2 மணி நேரம், லாபம் 500. கையில் இருப்பது 40 பலகை, 36 மணி நேரம். அதிக லாபத்துக்கு எதை எத்தனை செய்வது?

லின்ப்ரோக் எப்போதும் குறைந்த மதிப்பைத்தான் தேடும். அதனால் லாபத்தை -300, -500 என்று கொடுங்கள். குறி மாற்றாமல் 300, 500 என்றே கொடுத்தால் விடை பூஜ்ஜியம்தான், பிழைச்செய்தியும் வராது! சரியாகக் கொடுத்தால் 8 நாற்காலி, 6 மேசை, லாபம் 5400.

'குறைந்தது இவ்வளவு' என்ற நிபந்தனையை இருபுறமும் -1ஆல் பெருக்கி, லின்ப்ரோக் ஏற்கும் 'அதிகபட்சம் இவ்வளவு' வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். அப்புறம், விடை பின்னமாக வந்தால் நீங்களே முழுமையாக்க வேண்டாம், சைபை 1.9 பதிப்பு முதல் இன்டெக்ராலிட்டி (integrality) என்ற அளவுருவில் 1 கொடுத்தாலே முழு எண் கிடைக்கும்.