கதிரையில் இருந்தபடியே மூட்டு விறைப்பைத் தளர்த்துவது எப்படி?

காலமை எழும்பினதும் முழங்கால் மடங்க மறுக்கிறதா, நாரி (கீழ்முதுகு) பிடிக்கிறதா? 20 நிமிடம் ஒதுக்குங்கள். மூட்டின் குருத்தெலும்புக்குள் இரத்தக்குழாய் இல்லை. மூட்டு அசைந்து, அமுங்கி விடுபடும்போதுதான் உள்ளிருக்கும் திரவத்திலிருந்து அதற்கு ஊட்டம் போகிறது. அதனால் வலிக்க வலிக்க வளைப்பதில் பயனில்லை. சின்ன அசைவு, பலமுறை.

தேவை ஒரு கதிரையும் ஒரு துவாயும்தான். பிளாஸ்டிக் கதிரை டைல்ஸ் தரையில் வழுக்கும், சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பாதம் முழுதாக நிலத்தில் படவேண்டும். எட்டாவிட்டால் காலுக்குக் கீழே ஒரு பலகை. சூடான கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் வெயில் ஏறுமுன் செய்துவிடுங்கள்.

முதலில் மூச்சு. வயிற்றில் கை வைத்து 4 எண்ணும்வரை இழுத்து, 6 எண்ணும்வரை விடுங்கள். 6 தடவை. தோள் தானாக இறங்கும்.

அடுத்து கணுக்கால்: குதிக்காலையும் விரல்களையும் மாறி மாறி 15 தடவை உயர்த்துங்கள்.

முழங்காலுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். பாதத்தின் கீழ் துவாயை வைத்து முன்னும் பின்னும் சறுக்குங்கள், காலுக்கு 10. பிறகு காலை நீட்டி, தொடைத் தசையை இறுக்கி 5 எண்ணி இறக்குங்கள், காலுக்கு 8. பலர் இங்கே பின்னால் சாய்வார்கள். வேலை தொடையை விட்டு நாரிக்குப் போய்விடும். காலை வீசி உதறுவதும் பிழை: தசை வேலை செய்யாது, மூட்டுத்தான் அடிபடும். மூச்சை அடக்கவும் வேண்டாம்.

நாரிக்கு, கையை முழங்காலில் ஊன்றி முதுகைக் கூனாக்கி, மெல்ல நிமிருங்கள். 8 தடவை போதும்.

தோளுக்கு மட்டும் கதிரையை விட்டு எழும்பி, சுவரைப் பார்த்து நின்று விரல்களால் சுவரில் ஏறுங்கள். தோள் காதை நோக்கி உயர்ந்தால் அந்த இடத்தோடு நிறுத்துங்கள். கழுத்தை வலம், இடம் திருப்பினால் போதும். முழுவட்டமாகச் சுழற்றினால் சிலருக்குத் தலை சுற்றும். வலை பின்னுபவர்களும் தையல் வேலைக்காரரும் விரல்களை மெதுவாக மடக்கி விரிப்பதை 10 தடவை சேர்த்துக்கொள்ளலாம்.

அளவு இதுதான்: வலிக்கு 10க்கு எத்தனை என்று கேட்டால், பதில் 3ஐத் தாண்டக்கூடாது. செய்து 2 மணித்தியாலத்துக்குப் பிறகும் உளைந்தால் அடுத்த நாள் பாதியாகக் குறையுங்கள். மூட்டு சிவந்து வீங்கிச் சூடாக இருந்தாலோ, காலமை விறைப்பு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நீடித்தாலோ, கால் மரத்தாலோ முதலில் வைத்தியரைப் பாருங்கள்.

திருகோணமலைக்குப் பக்கத்திலுள்ள கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளிலும் குளித்தவர்களுக்கு உடம்பு இலகுவாவது சூட்டினால். அது கொஞ்ச நேரத்தில் போய்விடும். அந்த இளக்கத்தோடு பயிற்சி செய்தால்தான் லாபம். வீட்டில் வெந்நீர் ஒத்தடமும் அதே வேலையைச் செய்யும். நீரிழிவால் பாதம் உணர்விழந்தவர்கள் சூட்டை முழங்கையால் பார்த்துக்கொள்ளுங்கள்.

திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையில் நடப்பவர்கள் காய்ந்த மணலை விட்டு ஈரமான இறுகிய மணலில் நடக்கலாம். கரை சரிவானது, ஒரு கால் பள்ளத்திலேயே நிற்கும்; போன வழியே திரும்பி வந்தால் சரிவு இரண்டு காலுக்கும் பங்காகும்.